ஃப்ளைட் கன்ட்ரோலர் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்து சரிசெய்வதும், அடுத்த போர்டைத் தேர்ந்தெடுப்பதும்

ட்ரோனின் மூளையாக இருந்து மோட்டார்களுக்குக் கட்டளையிடும் போர்டுதான் ஃப்ளைட் கன்ட்ரோலர். ட்ரோன் கிளம்பவில்லை என்றதும் "போர்டு போச்சு" என்று புதிதாக ஒன்றை ஆர்டர் போடுபவர்கள்தான் அதிகம். பழைய போர்டைக் கொன்ற வயரிங் அப்படியே இருந்தால் புதியதும் முதல் பேட்டரியிலேயே போய்விடும். அதனால் கோளாறு எங்கே என்று முதலில் பிடியுங்கள். போர்டுதான் காரணம் என்று தெரிந்தால், அதில் என்ன குறை இருந்தது என்பதே அடுத்த போர்டில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

இங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் பீட்டாஃப்ளைட் என்ற மென்பொருள் ஓடும், 5 அங்குல ப்ரொப்பெல்லர் கொண்ட ட்ரோனுக்கானது. ஐநாவ், ஆர்டுபைலட் என்ற மற்ற மென்பொருள்கள் மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தொடங்கும் முன்: ப்ரொப்பெல்லர்களைக் கழற்றி வையுங்கள். மல்ட்டிமீட்டர் ஒன்று, டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள் ஒன்று, பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே மாட்டி, ஷார்ட் இருந்தால் கரண்டைத் தடுக்கும் ஸ்மோக் ஸ்டாப்பர் ஒன்று வேண்டும். ஸ்மோக் ஸ்டாப்பரைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு ஆண், ஒரு பெண் எக்ஸ்டி60 பேட்டரி கனெக்டருக்கு நடுவே, பிளஸ் வயரில் 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பைத் தொடராக இணைத்தால் போதும். 6எஸ் (6 செல்) பேட்டரிக்கு 24 வோல்ட் லாரி பல்பு போடுங்கள். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம், பயமில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பல்பு இருக்கும்போது மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள், அந்த கரண்டை அது விடாது.

யூஎஸ்பி செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை

முதல் சந்தேகம் கேபிள் மேல். இயர்பட்ஸ், டார்ச் லைட்டோடு வரும் கேபிள்களில் பலவற்றில் மின்சார வயர் இரண்டு மட்டுமே இருக்கும். அதே கேபிளில் போனைச் செருகி ஒரு படத்தை கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் போர்டின் விளக்கே எரியாமல், ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக உள்ள கேபிளில் எரிந்தால் போர்டு பழுதில்லை. டைப்-சி சாக்கெட் பக்கத்தில் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். அகல முனைக் கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் காம் போர்ட் எண் வரவில்லை என்றால் போர்டில் உள்ள பூட் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் எஸ்டிஎம்32 பூட்லோடர் (சிப்பில் மென்பொருளை ஏற்ற உதவும் நிரல்) என்று ஒன்று வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது, மென்பொருள்தான் கெட்டிருக்கிறது. ஸாடிக் என்ற சிறிய நிரலால் அதற்கு வின்யூஎஸ்பி ட்ரைவரைப் போட்டுவிட்டு பீட்டாஃப்ளைட்டை மறுபடி ஏற்றுங்கள்.

பூட் பட்டன் அழுத்தியும் பூட்லோடர் வரவில்லை என்றால் உடனே கைவிடாதீர்கள். எஸ்டிஎம்32 சிப்பின் பூட்லோடர் யூஎஸ்பியை மட்டும் கேட்பதில்லை, சில சீரியல் போர்ட்களையும் சேர்த்தே கேட்கும். யூஎஸ்பியில் மின்சாரம் வாங்கி ஓடும் ரிசீவரோ ஜிபிஎஸ்ஸோ அந்த போர்ட்டில் ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் பூட்லோடர் அந்தப் பக்கம் திரும்பிவிடும், யூஎஸ்பி ஊமையாகிவிடும். ரிசீவரின் டிஎக்ஸ் (அனுப்பும்) வயரைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். நல்ல போர்டு குப்பைக்குப் போவது இந்த இடத்தில்தான்.

அதற்கும் வரவில்லையா? செருகிய 5 விநாடிக்குள் நடுவில் உள்ள பெரிய சதுரச் சிப்பைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் சிப் உள்ளே ஷார்ட். கேபிளைக் கழற்றிவிட்டு 3.3 வோல்ட் பேடுக்கும் (சால்டர் செய்யும் உலோகப் புள்ளி) கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்தால் ஓரிரு ஓம் மட்டுமே காட்டும். அந்த போர்டுக்கு இனி வேலையில்லை.

சிப்பும் உயிரோடு, யூஎஸ்பியும் வேலை செய்கிறது, ஆனால் ஜைரோவை (சுழற்சியை உணரும் சென்சார்) காணோம், மோட்டார் சுற்றவில்லை என்றால் தவறான டார்கெட்டை (வேறு போர்டு மாடலுக்கான மென்பொருளை) ஏற்றியிருப்பீர்கள். புது போர்டில் எதையும் தொடும் முன், பீட்டாஃப்ளைட்டின் கட்டளைச் சாளரத்தில் (சிஎல்ஐ) "டிஃப் ஆல்" கட்டளை கொடுத்து வரும் எழுத்தையெல்லாம் சேமித்து வையுங்கள். டார்கெட்டின் பெயர் அதில் இருக்கும்.

பேட்டரி செருகியதும் சூடு, புகை

காரணம் பெரும்பாலும் ஒரே இடம்தான்: ஈஎஸ்சிக்கும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) கன்ட்ரோலருக்கும் நடுவே போகும் 8 பின் வயர். கனெக்டர் பெரும்பாலான கம்பெனிகளில் ஒரே மாதிரி, கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே பின் வரிசை ஆளாளுக்கு வேறு. ஒருவர் பேட்டரி வோல்ட்டை முதல் பின்னில் வைப்பார், இன்னொருவர் அதே இடத்தில் கிரவுண்டை வைப்பார், மூன்றாமவர் அங்கே மோட்டார் சிக்னலை வைத்திருப்பார். 4எஸ் பேட்டரியின் 16.8 வோல்ட் 3.3 வோல்ட் சிக்னல் பின்னுக்குள் போனால் என்ன மிஞ்சும்?

பேட்டரி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். வயரை ஈஎஸ்சி பக்கம் மட்டும் செருகுங்கள். மல்ட்டிமீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் பேடில் வையுங்கள். மறுமுனையால் வயரின் தொங்கும் முனையில் ஒவ்வொரு பின்னாகத் தொட்டு, எது பீப் அடிக்கிறது என்று குறியுங்கள். மைனஸுக்கும் அப்படியே. பிறகு கன்ட்ரோலரின் படத்தை எடுத்து, அந்த இரண்டு பின்களும் அங்கே அதே பெயரில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். இல்லையென்றால் கனெக்டரின் சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கி வயரை உருவி, இடம் மாற்றிச் செருகலாம். முதல் ட்ரோன் கட்டுகிறவர் ஈஎஸ்சியும் கன்ட்ரோலரும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து ஜோடியாக (ஸ்டாக்) வாங்குவதே நல்லது. தனித்தனியாக வாங்கி மிச்சமாகும் காசு ஒரு தவறான செருகலில் போய்விடும்.

பேட்டரி பேட்களுக்கு இடையே கன்டினியுட்டி வைத்தால் முதலில் ஒரு சின்ன பீப் வந்து நிற்கும். அது கெபாசிட்டர். நிற்காமல் அடித்தால் சால்டர் துளியோ, அறுந்த வயரின் செப்பு இழையோ எங்கோ பாலம் போட்டிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்து, பத்து நாள் பறந்த பிறகு ரெகுலேட்டர் (பேட்டரி வோல்ட்டைக் குறைத்துத் தரும் பகுதி) வெடித்தால் வோல்டேஜ் ஸ்பைக்கைச் சந்தேகப்படுங்கள். த்ராட்டிலைச் சட்டென்று இறக்கும்போது மோட்டார்கள் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். 6எஸ் பேட்டரி முழு சார்ஜில் 25.2 வோல்ட், ஸ்பைக் அதைத் தாண்டி எகிறும். 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) கெபாசிட்டர் ஒன்றை ஈஎஸ்சியின் பேட்டரி பேட்களிலேயே, கால்களைக் குட்டையாக வெட்டிச் சால்டர் செய்யுங்கள். 6எஸ்ஸில் 50 வோல்ட் போட்டால் இன்னும் நிம்மதி. அட்டையில் "6எஸ் வரை" என்று இருந்தால் போதாது, பேட்டரி உள்ளீடு எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று தனியாக எழுதியிருக்கும் போர்டாகத் தேடுங்கள்.

ரிசீவர் பைண்ட் ஆகிவிட்டது, ஆனால் திரையில் பார்கள் அசையவில்லை

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ முறையின் ரிசீவரில் விளக்கு நிலையாக எரிந்தால் ரேடியோ இணைப்பு சரி. பிரச்சினை ரிசீவருக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள நான்கு வயரில்தான். விளக்கு வேகமாக மினுங்கினால் 60 விநாடி சிக்னல் இல்லாமல் வைஃபை மோடுக்குப் போயிருக்கிறது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே பெரும் பதிப்பில், 2 என்றால் இரண்டுமே 2, 3 என்றால் இரண்டுமே 3 என இருக்கின்றனவா என்று பாருங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் வரிசை வாங்கியவர்கள் இந்தியாவில் உரிமம் வேண்டாத 865–867 மெகாஹெர்ட்ஸுக்கான டொமைனையே (அலைவரிசை அமைப்பு) இரண்டிலும் போடுங்கள். டொமைன் வேறுபட்டாலும் இணையாது.

வயர் பக்கம்: ரிசீவரின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் பேடு), ரிசீவரின் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கு. பீட்டாஃப்ளைட்டின் போர்ட்ஸ் பக்கத்தில் அந்த யூஆர்ட்டுக்கு (சீரியல் போர்ட்) நேரே சீரியல் ரிசீவரை இயக்கி, ரிசீவர் பக்கத்தில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பேசும் சிஆர்எஸ்எஃப் ப்ரோட்டோகாலைத் தேர்ந்தெடுங்கள்.

எஃப்405 சிப் உள்ள போர்டில் "எஸ்பஸ்" என்று எழுதிய பேடில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ஸைச் சால்டர் செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. எஸ்பஸ் என்பது வேறு வகை ரிசீவர்களின் தலைகீழ் சிக்னல். எஃப்4 சிப்பால் அதைத் தானாகத் திருப்ப முடியாது என்பதால் அந்தப் பேடின் வழியில் ஒரு இன்வர்ட்டர் வைத்திருக்கிறார்கள். சிஆர்எஸ்எஃப் நேர் சிக்னல். இன்வர்ட்டர் வழியே போனால் குப்பையாகத்தான் வரும். எஃப்7, எச்7 சிப்களில் எல்லா யூஆர்ட்டிலும் மென்பொருளாலேயே திருப்பலாம், இந்தத் தொல்லை கிடையாது.

போர்டு வாங்கும்போது யூஆர்ட்டை எண்ணுங்கள். ரிசீவருக்கு ஒன்று, வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு ஒன்று, ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று, ஈஎஸ்சி டெலிமெட்ரிக்கு ஒன்று. எஃப்411 போர்டுகளில் பெரும்பாலும் இரண்டுதான். எஃப்405, எஃப்722 போர்டுகளில் 5 அல்லது 6 வரை கிடைக்கும், எச்743யில் 7, 8. வீட்டுக்குள் பறக்கும் குட்டி ட்ரோனுக்கு எஃப்411 போதும். ஜிபிஎஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆர்ம் ஆக மறுக்கிறது

ஆர்ம் என்றால் மோட்டார்கள் சுற்றத் தயாராவது. இதில் ஊகத்துக்கே இடமில்லை, போர்டே காரணத்தைச் சொல்லும். கட்டளைச் சாளரத்தில் "ஸ்டேட்டஸ்" கொடுங்கள், கடைசி வரியில் தடைகளின் பட்டியல் வரும். "எம்எஸ்பி" என்பது கம்ப்யூட்டரோடு இணைந்திருப்பதால் வருவது, விட்டுவிடுங்கள். "த்ராட்டில்" என்றால் ரேடியோவின் குச்சி கீழே இருந்தும் 1050க்கு மேல் காட்டுகிறது. ரேடியோவில் எல்லைகளைச் சரிசெய்யுங்கள். "ஆங்கிள்" என்றால் ட்ரோன் 25 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறது, அல்லது போர்டைத் திருப்பி மாட்டியதைச் சொல்ல மறந்திருக்கிறீர்கள். மோட்டார் ப்ரோட்டோகால் என்று வந்தால் ஈஎஸ்சியோடு பேசும் முறையாக டீஷாட் தேர்ந்தெடுக்கவில்லை. "ஆர்பிஎம் ஃபில்டர்" என்று வந்தால் ஈஎஸ்சி இருவழி டீஷாட்டில் பதில் சொல்லவில்லை. பிஎல்ஹெலி-எஸ் ஈஎஸ்சியாக இருந்தால் அதில் புளூஜே மென்பொருளை ஏற்ற வேண்டும்.

"நோ ஜைரோ" ஒன்றுதான் நேரே போர்டைக் குற்றம் சொல்வது. அதுவும் தவறான டார்கெட் இல்லை என்று உறுதியான பிறகு.

த்ராட்டில் ஏற்றியதும் குப்புற விழுகிறது

போர்டுக்கு இதில் சம்பந்தமில்லை. நான்கைப் பாருங்கள், இதே வரிசையில். ட்ரோனைக் கையில் சாய்த்தால் திரையில் உள்ள மாதிரியும் அதே பக்கம் சாய்கிறதா? மோட்டார் 1 பின் வலது, 2 முன் வலது, 3 பின் இடது, 4 முன் இடது என்று இருக்கிறதா? சுழலும் திசை, வழக்கமான அமைப்பில் 1ம் 4ம் கடிகாரத் திசை, 2ம் 3ம் எதிர்த்திசை. கடைசியாக ப்ரொப்பெல்லரின் எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்கிறதா? முதல் மூன்றும் ப்ரொப் இல்லாமலே மேசையில் முடிந்துவிடும் வேலை.

பறந்துகொண்டே இருக்கும்போது விழுகிறது

விழுந்த விதமே பாதி விடை. ஒரு மூலை தொங்கி, சுழன்றுகொண்டே விழுந்தால் ஒரு மோட்டாரோ அதன் ஈஎஸ்சியோ நின்றிருக்கிறது. அந்த மோட்டாரின் மூன்று வயர் சால்டரை முதலில் பாருங்கள். நான்கும் ஒரே நேரத்தில் நின்று கல்லைப் போல விழுந்தால் இரண்டே வழி: சிக்னல் போய் ஃபெயில்சேஃப் (மோட்டாரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு), இல்லாவிட்டால் போர்டு மின்சாரம் இழந்து மறுபடி துவங்கியிருக்கிறது.

இந்த இரண்டையும் பிரிப்பது எளிது. விழுந்த பிறகு பேட்டரியைக் கழற்றாமல் ஓஎஸ்டியின் (வீடியோ மேல் வரும் எழுத்து) நேரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடம் பறந்ததற்கு சில விநாடி மட்டும் காட்டினால் போர்டு ரீசெட் ஆகியிருக்கிறது. பிளாக்பாக்ஸ் இருந்தால் இன்னும் தெளிவு: ஃபெயில்சேஃப் என்றால் பதிவு தொடர்ந்து ஓடி நிலை மாறியதைக் காட்டும், மின்சாரம் போனால் பதிவு பாதியில் அறுந்திருக்கும்.

ரீசெட்டுக்கு வழக்கமான காரணம் 5 வோல்ட் ரெகுலேட்டர் மேல் பாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 எல்இடி கொண்ட பட்டை முழு வெள்ளையில் ஒவ்வொன்றும் சுமார் 60 மில்லிஆம்பியர், மொத்தம் ஏறத்தாழ 1 ஆம்பியர். 5 வோல்ட்டில் ஓடும் அனலாக் வீடியோ டிரான்ஸ்மிட்டர் அதிக சக்தியில் இன்னொரு அரை ஆம்பியருக்கு மேல். கேமரா, ரிசீவர், ஜிபிஎஸ், பஸர், போர்டின் சொந்தச் செலவு எல்லாம் சேர்ந்தால் 2 ஆம்பியரை எட்டிவிடும். "5 வோல்ட், 2 ஆம்பியர்" என்று எழுதிய குட்டி ரெகுலேட்டர் மேசையில் தாங்கும், சித்திரை வெயிலில் கார்பன் தட்டுகளுக்கு நடுவே தாங்காது. அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள். வீடியோ டிரான்ஸ்மிட்டருக்குத் தனியே 9 அல்லது 10 வோல்ட் ரெகுலேட்டர் உள்ள போர்டு கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம்.

ரெகுலேட்டர் குற்றமற்றது என்று தெரிந்தால் எக்ஸ்டி60 கனெக்டரின் சால்டரை வளைத்துப் பாருங்கள். மேலே பளபளப்பாக, உள்ளே ஒட்டாமல் நிற்கும் சால்டர் அங்கேதான் அதிகம்.

நடுக்கம், மோட்டார் சூடு

ஒரு நிமிடம் பறந்து இறக்கி மோட்டாரைத் தொடுங்கள். 3 விநாடி விரல் வைக்க முடியவில்லை என்றால் ஜைரோவுக்கு அதிர்வு போகிறது. ட்யூனிங்கில் கை வைக்கும் முன் மெக்கானிக்கலைப் பாருங்கள். போர்டின் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். நட்டை அது நசுங்கும் வரை இறுக்கினால் ரப்பர் இருந்தும் பயனில்லை. போர்டை விரலால் அழுத்தினால் லேசாக அசைந்து திரும்ப வேண்டும். எக்ஸ்டி60இன் தடித்த வயரோ கெபாசிட்டரோ போர்டின் மேல் சாய்ந்திருந்தால் அதிர்வு அந்த வழியாக வரும். வளைந்த ப்ரொப், தேய்ந்த பேரிங் அதற்கப்புறம்.

இருவழி டீஷாட்டை இயக்கி, மோட்டாரின் காந்த எண்ணிக்கையைச் சரியாகக் கொடுங்கள். 5 அங்குல மோட்டார்களில் 14, குட்டி மோட்டார்களில் பெரும்பாலும் 12. எண் தவறினால் ஆர்பிஎம் ஃபில்டர் வேறு அலைவரிசையை வெட்டிக்கொண்டிருக்கும், நடுக்கம் அப்படியே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு நடுங்கினால் ஜைரோ சிப்பைப் பார்க்கலாம். எம்பியூ6000 நெடுநாள் நம்பிக்கையான சிப், இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. பிஎம்ஐ270 அதன் இடத்தைப் பிடித்துவிட்டது, 3.2 கிலோஹெர்ட்ஸில்தான் படிக்கும், பொழுதுபோக்குப் பறத்தலில் வித்தியாசம் தெரியாது. ஐசிஎம்-42688-பி நல்ல சிப்தான், ஆனால் மின்சாரத்தில் அழுக்கு இருந்தால் அதன் அளவீட்டில் தெரியும். ஜைரோவுக்கென்று தனி ரெகுலேட்டர் வைத்த போர்டில் மட்டும் வாங்குங்கள். ஐசிஎம்-20689 உள்ள பழைய போர்டுகள் அதிர்வுக்குத் தொட்டாற்சிணுங்கி. தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.

படம் வருகிறது, எழுத்து வரவில்லை

அனலாக் என்றால் கேமராவும் ஓஎஸ்டியும் ஒரே வீடியோ முறையில் (பிஏஎல் அல்லது என்டிஎஸ்சி) இருக்க வேண்டும். எழுத்துக்குப் பதில் கிறுக்கல் வந்தால் ஃபான்ட் ஏற்றுங்கள். டிஜிட்டலில் எழுத்து யூஆர்ட் வழியே போகிறது, ஓஎஸ்டி சிப்பே வேண்டாம். போர்ட்ஸ் பக்கத்தில் எம்எஸ்பியும் டிஸ்ப்ளேபோர்ட்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள்.

உயரம் தாவுகிறது, நின்ற இடத்தில் வட்டம் அடிக்கிறது

உயரம் தாவினால் பாரோமீட்டர் (காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் சென்சார்). அந்தச் சின்ன உலோகப் பெட்டியின் துளையில் ப்ரொப் காற்று நேராக அடித்தாலோ, சில சிப்களில் வெயில் பட்டாலோ, அளவு மாறும். கறுப்புத் திறந்தநுரை ஸ்பாஞ்சை ஒரு துண்டு வெட்டி மேலே வையுங்கள். கடற்கரை உப்புக் காற்றுக்காக போர்டில் லேக்கர் பூசுபவர்கள் இந்தத் துளையையும், யூஎஸ்பி சாக்கெட்டையும், பூட் பட்டனையும் டேப் போட்டு மூடிவிட்டுப் பூசுங்கள்.

வட்டம் அடிப்பது காம்பஸ். ஐநாவ், ஆர்டுபைலட்டில் அதிகம் பார்க்கலாம். ஜிபிஎஸ் மாட்யூலை மின் வயர்களிலிருந்து 10 சென்டிமீட்டராவது தூக்கி வைத்து, பேட்டரியின் பிளஸ், மைனஸ் வயர்களை முறுக்கிவிட்டு, திறந்த வெளியில் மறுபடி காலிப்ரேட் செய்யுங்கள். காம்பஸுக்கு எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு பேட்கள் வேண்டும். சின்ன போர்டுகளில் இவை இருக்காது, வாங்கும் முன் படத்தில் தேடுங்கள்.

எல்லாம் சரி, புது மென்பொருள் ஏறவில்லை

கேகே2, ஏபிஎம் 2.8 போன்ற பழைய போர்டுகள் கல்லூரி ப்ராஜெக்ட் கிட்களில் இன்னும் விற்கின்றன. ஏபிஎம் 2.8 பழுதாகாமலே காலாவதியானது: ஆர்டுபைலட்டின் காப்டர் பதிப்பு அதற்கு 3.2.1உடன் நின்றுவிட்டது. கேகே2இல் ஜிபிஎஸ் வேலை கிடையாது. எஃப்3 போர்டுகளுக்கு பீட்டாஃப்ளைட் 4.0தான் கடைசி. தானியங்கிப் பறத்தல் வேண்டுமானால் 2 மெகாபைட் ஃப்ளாஷ் உள்ள எச்743 வாங்குங்கள்; 1 மெகாபைட் போர்டுகளில் ஆர்டுபைலட் பல வசதிகளைக் கழித்துவிட்டுத்தான் ஏறும்.

எஃப்450 என்ற ட்ரோன் சட்டத்தில் (ஃப்ரேம்) தனித்தனி 30 ஆம்பியர் ஈஎஸ்சி நான்கு மாட்டியிருந்தால், நான்கின் சிவப்பு வயரும் போர்டுக்குப் போக விடாதீர்கள். நான்கு 5 வோல்ட் ரெகுலேட்டர்கள் ஒன்றோடொன்று மோதும். ஒன்றை விட்டு, மூன்றின் சிவப்பு வயரை கனெக்டரிலிருந்து உருவி டேப் சுற்றிவிடுங்கள்.

புது போர்டு கைக்கு வந்ததும்

துளை இடைவெளியை ஸ்கேலில் அளங்கள்: 30.5, 25.5 அல்லது 20 மில்லிமீட்டர், உங்கள் சட்டம் எதுவோ அது. எதையும் சால்டர் செய்யும் முன் யூஎஸ்பியில் செருகி, மேசையில் அசையாமல் வைத்து, ஜைரோ வரைபடம் தட்டையாக இருக்கிறதா, "ஸ்டேட்டஸ்" கட்டளையில் வரும் ஜைரோ பெயர் விளம்பரத்தில் சொன்னதுதானா என்று பாருங்கள். 5 வோல்ட் பேடையும் 3.3 வோல்ட் பேடையும் அளந்து குறியுங்கள். பூட் பட்டனை ஒருமுறை சோதியுங்கள். இதில் ஏதாவது ஒன்று தவறினால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள்; ஒரு துளி சால்டர் பட்ட போர்டைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை.